எட்டு டயர்

பொன்மணியின் வண்டிக்கு மொத்தம் எட்டு டயர். ஸ்டெப்னியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நாலு டயர் வண்டியில் ஓடும், நாலு அவள் வீட்டுக் கூரை மேல் தார்ப்பாயை அழுத்திக்கொண்டு கிடக்கும். எந்த நாலு எங்கே இருந்தது என்பதில்தான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அவளுக்கும் சண்டை. எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, பெருமைப்பட்டுக்கொள்கிற மாதிரியான பங்கு இல்லை. பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வீடு மேற்கு மாம்பலம். தினம் பஸ்ஸில் வந்து, ஊரில் இருக்கிறவர்களின் குறைகளையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பிப் போகிறவன்.

ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிற பெண்கள் ஆறு பேரை விடியலுக்கு முன்னால் காசிமேட்டுக்குக் கூட்டிப்போவாள் பொன்மணி. ஏலத்தில் மீன் எடுத்ததும் ஐஸோடு ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குள் திரும்பி வந்துவிடுவாள். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முறைப்பார். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியாகவே வெளியே போய்விடுவார் போலிருக்கும். அந்த அவமானம் தாங்காமல்தான், இவளும் ஒரு காலத்தில் கூடை தூக்கியவள், டிரைவிங் கற்றுக்கொண்டு, ஏழு சீட்டு வண்டி ஒன்றைப் பழசாக வாங்கி மஞ்சள் போர்டு மாட்டினாள். புருஷன் தனபாலன் கடலுக்குப் போகிறவன். கடல் விட்டால் உண்டு, விடாவிட்டால் இல்லை. வண்டி மட்டும்தான் அந்த வீட்டில் தினப்படி சோறு.

ஆறு பெண்கள், ஆறு கூடை, ஐஸ். வண்டி தரையோடு தரையாகப் படுத்துவிடும். சாந்தோம் ரோட்டு ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் அடி தட்டும். ஒருநாள் சைலன்சரே கழன்று விழுந்து, அதைக் கூடை மேல் வைத்துக்கொண்டு வந்தார்கள். அடையாறு டயர் கடைக்காரர் ஒரு சைஸ் பெரிய டயர் போட்டுவிட்டார். வண்டி எழுந்து நின்றது. பழைய நாலையும் அவள் விற்கவில்லை, கூரைக்கு ஏற்றிவிட்டாள். ஆர்.சி. புக்கில் ஒரு சைஸ், வண்டியில் ஒரு சைஸ் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

டிசம்பர் புயல் வந்தது. குப்பத்துச் சந்தில் தண்ணீர் ஏறும் என்று முன்யோசனையாக வண்டியை வெளியே கொண்டுவந்து, பெரிய ரோட்டில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினாள். சந்தில் முழங்கால் தண்ணீர்கூட ஏறவில்லை. மரம் வேரோடு சாய்ந்தது, நேராக வண்டி மேலேயே. முன்யோசனைக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

காலையில் மழையோடு போய் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் ஏஜென்ட் ரகுபதி சொன்ன கம்பெனி நம்பருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள். மறுநாள் கார்ப்பரேஷன் ஆட்கள் மரத்தை அறுத்துப் போட்டார்கள். என் கடைக்கும் கரண்ட் வந்தது. ஆர்.சி., பாலிசி, லைசென்ஸ் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு ரெண்டு காப்பி போடு சார். நாளைக்கு வண்டிய பாக்க சர்வேயர் வர்றாரு."

"வண்டி எப்படி இருக்கு?"

"மேல கூரை அமுங்கிப் பூட்சி. இஞ்சின் நல்லா கீது சார். கண்ணாடி, கூரை, ரெண்டு கதவு. செஞ்சா ஓடும். பொங்கல் வரிக்கும் காத்துகினு இருக்கேன்னு என் வண்டியில வர்ற சொர்ணக்கா சொல்லிட்சி. அதுக்கு மேல அவங்களும் இன்னா பண்ணுவாங்க? அம்மாசின்னு ஒருத்தன் லோடு ஆட்டோ வெச்சிகினு சும்மா குந்தினுகீறான். ஒரேயடியா அவங்கிட்ட பூட்டாங்கன்னா அப்புறம் எனக்கு சவாரி இல்ல."

அவள் என் கடையில் நின்ற அந்த நேரத்தில்தான் குப்பத்தில் காரியம் நடந்தது. ஏஜென்ட் ரகுபதி தனபாலனுக்குப் போன் செய்து, "டயர் ஆர்.சி.யில இருக்கற சைஸுதானே? சர்வேயர் அதெல்லாம் பார்ப்பார்" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். தனபாலனுக்குக் கை கால் ஓடவில்லை. தம்பி அறிவைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் கூரை ஏறி நாலு டயரையும் இறக்கினார்கள். நசுங்கிக் கிடந்த வண்டிக்கு ஜாக்கி கொடுத்து, கல் அடுக்கி, சக்கரங்களைக் கழற்றிப் பஞ்சர் கடைக்கு உருட்டிப்போய், பெரிய டயரை எடுத்துவிட்டுப் பழசை ஏற்றி, திரும்ப மாட்டிவிட்டார்கள். குப்பமே கூட நின்று கை கொடுத்தது. பொன்மணிக்கு உதவி என்றால் யாரும் யோசிப்பதில்லை, அதுதான் அங்கே வினை. வாட்ஸாப்பில் போட்டோ போய்விட்டது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் சர்வேயர் வந்தபோது நானும் போனேன். கடையை டீக்கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேடிக்கை பார்க்கத்தான் போனேன், மறைப்பானேன். சர்வேயருக்கு நெடுஞ்செழியன் என்று பெயர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை பேன்டை மடித்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து ஒவ்வொரு இடமாகப் போட்டோ எடுத்தார். மட்கார்டுக்குள் கையை விட்டுத் தடவினார். அப்புறம் டயர் பக்கத்தில் குந்தினார். குந்தியவர் எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, இந்த வண்டி ரோட்டுல ஓடுதா, ஆகாசத்துல ஓடுதா?"

"இன்னா சார்?"

"டயர் பூரா காக்கா எச்சம். உள்பக்கமும் இருக்கு. வெயில்ல வெடிச்சுப் போயிருக்கு. இதுல காசிமேடு போயிட்டு வந்தீங்களா?"

பொன்மணி அப்போதுதான் டயரைப் பார்த்தாள். மூன்று நாளாக நசுங்கின கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவள். தனபாலனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நெடுஞ்செழியன் தன் போனில் அவள் அனுப்பிய போட்டோவைத் திறந்து, டயரையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது. இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம். அதை எடுத்துக்கொண்டு, படித்துச் சொல்ல என்னை வீட்டுக்கே கூட்டிப்போனாள். புருஷனுக்கு எதிரில் படிக்க வேண்டுமாம்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. டயரை இறக்கின அன்று ராத்திரியே தார்ப்பாய் காற்றில் பறந்து கடலுக்குப் போய்விட்டது. கழற்றின பெரிய டயர் நாலும் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தன. உள்ளே மூன்று இடத்தில் குண்டான் வைத்திருந்தாள். நாலாவது குண்டானில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. படகுகள் இன்னும் சரியாகக் கடலுக்குப் போகவில்லை, மீன்காரர் வீட்டிலும் கருவாடுதான். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். கத்தரிக்காய் போட்ட குழம்பு. வெட்கமில்லாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

"ரெண்டு காரணம் சொல்றாங்க" என்றேன். "ஆர்.சி.யில இல்லாத டயர் போட்டுக் கம்பெனிக்குச் சொல்லலை, அது ஒண்ணு. மரம் விழுந்தப்புறம் டயரை மாத்தி ஏமாத்தப் பார்த்தீங்க, அது ரெண்டாவது. அதனால ஒண்ணும் தர முடியாதாம்."

பொன்மணி புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டுகினியா? ஏமாத்துனேனாம்."

"உனுக்கோசரம்தாம்மே செஞ்சேன்" என்றான் தனபாலன். தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எனக்கோசரமா? எனக்கு ஒரு போன் அட்ச்சி கேட்டியா? கூரை மேல கீறத எறக்கி வண்டிக்கு மாட்டுனியே, ஒரு தண்ணி ஊத்திக் கய்வுனியா? அந்தாளு காக்கா எச்சத்தப் பாத்துக் கேக்கறாரு. எனக்கு நாக்கு உள்ள பூட்சி."

அறிவு வாசலில் டயர் மேல் உட்கார்ந்திருந்தான். "அண்ணி, தண்ணி ஊத்தலாம்னுதான் நான் சொன்னேன். அண்ணன்தான் மய ஊத்துது, அதுவே கய்விடும்னுச்சி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்மணி சிரிக்கவில்லை.

"மரம் வியிந்துச்சி. வண்டி நின்னுகினு இருந்துச்சி. நின்னுகினு இருந்த வண்டிக்கு டயர் பெர்சா இருந்தா இன்னா, சின்னதா இருந்தா இன்னா? நாலு கல்லு மேல நின்னிருந்தாலும் அந்த மரம் வியிந்துதான் இருக்கும். அத நான் கேட்டே தீருவேன் சார். நீ நாளைக்கு லெட்டர் ரெடி பண்ணு."

அன்று ராத்திரி மாம்பலத்தில் உட்கார்ந்து நான் ஒரு கடிதம் தயார் செய்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்ட கடிதம் அது. வாட்ஸாப்பில் போன போட்டோ சென்ற வருஷப் புயலில் எடுத்தது, தவறுதலாக அனுப்பப்பட்டது, வண்டியில் எப்போதும் ஆர்.சி. டயர்தான் இருந்தது என்று ஜோடித்திருந்தேன். காலையில் படித்துக் காட்டினேன். சொர்ணமும் வந்திருந்தாள். முட்டி வலிக்காரி. வண்டி வரும்வரை தற்காலிகமாக அம்மாசியின் லோடு ஆட்டோவில் நின்றபடியே காசிமேடு போய்வந்து, மூட்டு வீங்கிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள் சொர்ணம். "யாருக்குத் தெரியப் போவுது?"

பொன்மணி கடிதத்தை வாங்கி மடித்தாள். "சார், நீ பொய்ய டைப் பண்ணிட்டுக் கடைய மூடிகினு பூடுவ. அத ஞாபகம் வெச்சிகினு அவங்க கேக்கறப்பல்லாம் சொல்ல வேண்டியது நானு. எந்தப் புயலு, எந்த வருசம், அப்ப டயர் யாரு போட்டது? ஒண்ணுக்கு நாலு பொய் ஆவும். அன்னிக்கு அந்தாளு கேட்டப்ப நான் வாய மூடிகினேன் பாரு, அதுதான் இந்த லெட்டரா வந்து நிக்கிது. கிய்ச்சிப் போட்டுடு."

"உண்மையைச் சொன்னா தர மாட்டாங்கம்மா."

"பொய் சொல்லி இப்ப இன்னா குட்த்தாங்க?"

எனக்கு ரோஷம் வந்தது, ஆனாலும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் நின்றபடியே சொன்னாள், நான் அடித்தேன். மொத்தம் ஏழு வரி. முதல் போட்டோவில் இருப்பது பெரிய டயர், அதுதான் வண்டியில் இருந்தது. அப்படிப் போட்டால் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மரம் விழுந்த பிறகு என் வீட்டார் பயந்துபோய் டயரை மாற்றினார்கள், அது தப்பு. சர்வேயர் கேட்டபோது நான் பேசாமல் இருந்தது அதைவிடத் தப்பு. அதற்கு என்ன பிடிப்பீர்களோ பிடித்துக்கொள்ளுங்கள். மரம் விழுந்தது டயரால் இல்லை. எட்டு டயரையும் கொண்டுவருகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

"என் வீட்டாருன்னு போடாத, மாத்துனது யாருன்னு பேரப் போடு" என்றாள் சொர்ணம்.

"வாணாம். அத அவரே சொல்லட்டும்" என்றாள் பொன்மணி.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கம்பெனியின் தி.நகர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். குறை கேட்கிற அதிகாரி ரூபீனா மேடம், பதினொரு மணி. பொன்மணி சொன்னதைச் செய்கிறவள். நாலு டயரை வண்டியிலிருந்து மறுபடி கழற்றி, வாசலில் கிடந்த நாலையும் சேர்த்து, அம்மாசியின் லோடு ஆட்டோவில் எட்டையும் ஏற்றினாள். தன் சவாரியைத் தட்டிக்கொண்டு போகிறவனிடமே வண்டி கேட்க அவள் கூச்சப்படவில்லை, அவனும் வாடகை கேட்கவில்லை. டயர் மேல் சொர்ணமும் மற்ற ஐந்து பேரும். தனபாலன் கடைசியில் தொற்றிக்கொண்டான். நான் பஸ்ஸில் போனேன், எனக்கு மானம் இருந்தது.

பாண்டி பஜார் பக்கம் பொங்கல் கூட்டம். ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி டயரைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"இதெல்லாம் மேல எடுத்துட்டுப் போக முடியாதும்மா."

"நான் எட்த்துகினு போறேன்னா சொன்னேன்? மேடத்த கீய வரச்சொல்லு."

"அவங்க வர மாட்டாங்க."

"வர்ற வரிக்கும் இங்கியே குந்தினு இருக்கோம்" என்று சொர்ணம் முதல் டயர் மேல் உட்கார்ந்தாள். டூவீலர் நிறுத்துகிற இடத்தில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று அடுக்கிவிட்டு ஏழு பெண்களும் அதன் மேலேயே உட்கார்ந்தார்கள். மேலே போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் ரூபீனா மேடம் கீழே வந்தார். கூடவே நெடுஞ்செழியன், கையில் ஃபைல்.

மேடம் கோபமாக வந்ததாகத்தான் எனக்குப் பட்டது. எட்டு டயரையும் பார்த்ததும் கோபம் எங்கேயோ போய், குழப்பம் வந்தது.

"பொன்மணி யாரு?"

"நான்தான் மேடம். இது நாலும் ஆர்.சி. டயரு. கூரை மேல கெடந்துச்சி. இது நாலும் பெர்சு. மரம் வியிந்தப்ப வண்டியில இருந்துச்சி."

"இன்னைக்கு இப்படிச் சொல்றீங்க. அன்னைக்கு அந்த டயரைக் காட்டினீங்க. நான் எதைத்தாம்மா நம்பறது? இந்தப் பெரிய டயர் உங்க வண்டியோடதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பொன்மணி யோசிக்கவே இல்லை. "ஸ்டீரிங்க ஃபுல் கட்டு அட்ச்சா இடது பக்கம் மட்கார்டுல உரசும் மேடம். காசிமேட்டுல வண்டி திருப்பறப்பல்லாம் உரசும். உள்ள ஒரு கோடு வியிந்திருக்கும். சின்ன டயரு அவ்ளோ தூரம் எட்டாது."

மேடம் நெடுஞ்செழியனைப் பார்த்தார். அவர் அவசரமில்லாமல் ஃபைலை அக்குளில் செருகிக்கொண்டு, போனை எடுத்துத் தேடினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கி நீட்டினார்.

"இருக்கு மேடம். அன்னைக்கே கையில தட்டுப்பட்டுது. வளைஞ்சு வழவழன்னு தேய்ஞ்சிருக்கு. இது ஒரு நாள் ரெண்டு நாள்ல தேயறதில்ல. சின்ன டயர்ல இது வரவே வராது."

"ரிப்போர்ட்ல ஏன் எழுதலை?"

"டயர் மாத்தினாங்களான்னுதான் கேட்டிருந்தீங்க. எழுதினேன். எது நிஜ டயர்னு கேக்கலை." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மரத்துக்கும் டயருக்கும் சம்பந்தம் உண்டான்னும் கேக்கலை" என்றார்.

அந்த மனுஷனை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஏழு பெண்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மேடம் கையைத் தூக்கி அடக்கினார்.

"சரி. டயரை மாத்தினது யாரு? லெட்டர்ல வீட்டார்னு இருக்கு. மாத்தச் சொன்னது நீங்கதானே பொன்மணி?"

பொன்மணி பதில் சொல்லவில்லை. புருஷனைப் பார்க்கவும் இல்லை. அவனுக்காக ஒரு இடத்தைக் காலியாக விட்டுவைத்த மாதிரி பேசாமல் நின்றாள். 'ஆமாம், நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தப்பித்திருப்பான், அவள் கேஸ் கெட்டிருக்கும்.

தனபாலன் லோடு ஆட்டோவுக்குப் பின்னால் நின்றிருந்தான். அங்கிருந்து வெளியே வர அவனுக்கு ரொம்ப நேரமான மாதிரி இருந்தது.

"நான்தான் மேடம். நானும் என் தம்பியும். எம் பொஞ்சாதி அப்ப ஜெராக்ஸ் கடையில இருந்துச்சி, அதுக்குத் தெரியாது." தொண்டையைச் செருமிக்கொண்டான். "கடல்ல நான் பயந்ததில்ல மேடம். வண்டி பூட்சின்னா எம் பொஞ்சாதி மறுபடியும் கூடைய தூக்கினு பஸ்ஸுக்கு நிக்கணும். கண்டக்டரு எறக்கி வுட்டு அது நடு ரோட்டுல நின்னத நான் பாத்துகீறேன். அதான் பயந்துட்டேன். எதுனா போடணும்னா எம்மேல கேஸ் போட்டுக்கங்க."

பொன்மணி முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மேடத்தைப் பார்த்து, "மரம் வியிந்ததுக்குக் குடுங்க மேடம். மத்தத புட்ச்சிக்கோங்க" என்றாள்.

முக்கால் பங்கு வந்தது. சொல்லாமல் டயர் மாற்றியதற்குக் கால் பங்கு பிடித்துக்கொண்டார்கள். கடிதத்தின் கடைசியில் ஒரு நிபந்தனை, இனி ஆர்.சி.யில் உள்ள சைஸ் டயர்தான் போட வேண்டும். பொங்கல் தாண்டிப் பத்து நாள் ஆனது வண்டி திருவான்மியூர் ஷெட்டிலிருந்து வர. அந்தப் பத்து நாளும் ஆறு பெண்களும் அம்மாசி ஆட்டோவில் நின்றுகொண்டு போனார்கள். வண்டி வந்த அன்றைக்கே அம்மாசியிடம் சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். சொர்ணத்துக்கு முன் சீட்டு. வண்டிக்கு ஆர்.சி. சைஸில் புது டயர். வெடித்துப்போன பழசைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு, பெரிய நாலையும் தனபாலனே கூரைக்குத் தூக்கிப் புதுத் தார்ப்பாய் மேல் வைத்தான்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை நான் வந்த பஸ் பெசன்ட் நகருக்குள் நுழைந்ததும் நின்றது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். எட்டிப் பார்த்தேன். முன்னால் பொன்மணியின் வண்டி, ஸ்பீட் பிரேக்கருக்கு இந்தப் பக்கம். கதவு திறந்து சொர்ணம் முதற்கொண்டு ஆறு பேரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்பீட் பிரேக்கரை நடந்து தாண்டினார்கள். ஆறு பேர் பாரம் குறைந்த வண்டி அடி தட்டாமல் மெல்ல ஏறி இறங்கியது. அந்தப் பக்கம் போய் ஆறு பேரும் திரும்ப ஏறினார்கள்.

"டெய்லி இதே ரோதனை சார்" என்றார் பஸ் டிரைவர். "சாந்தோம்லேர்ந்து இப்படியே வர்றாங்களாம்."

பத்து மணிக்குப் பொன்மணி கடைக்கு வந்தாள். மேலெல்லாம் ஐஸ் தண்ணீர், மீன் வாசம். ஆர்.சி. புக்கை மேஜை மேல் வைத்தாள்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு மனு சார். பெரிய டயர ஆர்.சி.யில ஏத்திக் குடுக்கணும். அவங்க ஏத்திட்டா கம்பெனிக்கும் எய்திக் குடுத்துடுவேன்."

"அதெல்லாம் லேசுல ஏத்த மாட்டாங்கம்மா. அலைய விடுவாங்க."

"அலையறேன். ஏத்தித் தர்ற வரிக்கும் எறங்கி நடப்போம்னு அவங்க ஆறு பேரும் சொல்லிட்டாங்க. சொர்ணக்கா அந்த முட்டிய வெச்சிகினு எறங்குது சார். நான் சும்மா இருப்பேனா?"

மனுவை ஆரம்பித்தேன். காரணம் எழுத வேண்டிய இடம் வந்ததும், பழக்க தோஷம், 'கடற்கரை மணற்பாங்கான பாதையின் காரணமாக' என்று நல்ல தமிழில் அடித்தேன். மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து, திரையில் விரலை வைத்து மெதுவாகக் கூட்டிப் படித்தாள்.

"அது இல்ல சார். அதையும் எட்த்துடு. உள்ளத உள்ளபடி போடு."

"என்ன போட?"

"ஆறு பொம்பள, ஆறு கூடைன்னு போடு."

அப்படியே அடித்தேன்.